யார் பணத்தில் வாங்கிய வண்டி? நிறுவனக் கார் விதிகளும் மலிவு விலைக் கார்களின் மதிப்பும்: நெய்யூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

குமரி மாவட்டத்தில் ஒரு காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் விலைக்கு முன்பே கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஓன் போர்டா, டி போர்டா?" வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சள் பலகை என்றால் வாடகை வண்டி. இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை ஓடுகிறது. அதன் பலகை வெள்ளைதான், ஆனால் ஏறி உட்காருபவர் அதற்குக் காசு கொடுத்தவர் அல்லர். மருத்துவமனை வண்டி, கல்லூரி வண்டி, வங்கி மேலாளரின் வண்டி, அரசுத் துறை ஜீப் எல்லாம் இந்த வகை. இந்தியாவில் ஒரு கார்ப் பெயருக்கு மதிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் பெருமளவு தீர்மானித்தது இந்த மூன்றாம் வகைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். விலை குறைந்த கார்கள் தோற்றதற்குப் பொறியியல் குறை மட்டும் காரணமல்ல. எந்த அலுவலகப் பட்டியலில் எந்தப் பதவிக்கு நேரே அவற்றின் பெயர் எழுதப்பட்டது என்பதும் காரணம்.

நெய்யூரிலிருந்து தொடங்க நியாயம் இருக்கிறது. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மீட் 1828-இல் நெய்யூரைத் தம் பணித்தளமாக்கிக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1838-இல், டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல், முதல் பயணத்துக்குப் பின் நெய்யூருக்கு வந்து நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டவர். லண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே அறுவை மருத்துவராகப் பல்லாண்டு தங்கினார். நெய்யூரை மையமாகக் கொண்ட கிளை மருத்துவமனைகள் சுற்றுவட்டாரத்தில் பரவியிருந்தன. மருத்துவர் ஊர் ஊராகப் போகவேண்டிய பணி அது. அப்படிப்பட்ட பணியில் வண்டி ஒருவரின் அந்தஸ்தைக் காட்டும் பொருளாக இருக்க முடியாது, ஸ்டெதாஸ்கோப்பைப் போலத் தொழிற்கருவியாகத்தான் இருக்க முடியும். அப்போது திருவிதாங்கூரோடு இருந்த இப்பகுதியின் பொதுமக்களுக்கு மோட்டார் வண்டி பரவலாக அறிமுகமானது பேருந்தாகத்தான். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவரை மன்னர் அரசு அதற்கு அழைத்து வந்தது. அதன் தொடக்க காலச் சாலைகளில் திருவனந்தபுரம் நாகர்கோவில் சாலையும் ஒன்று. ஆக, காசு கொடுத்துக் கார் வாங்கும் குடும்பங்கள் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பே, நிறுவனமும் அரசும் ஓட்டிய வண்டியை இம்மண் பார்த்துவிட்டது.

1956 நவம்பர் 1-இல் குமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மறு ஆண்டு அம்பாசிடர் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்த இந்தக் காரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. 1489 சிசி எஞ்சின், நடுத்தரக் குடும்பத்துக்கான உடம்பு. பிறந்த நாட்டில் அது எந்த அமைச்சரின் பெருமைக்குரிய வண்டியும் அல்ல. இங்கே வந்தபின் அரசின் கொள்முதல் பட்டியலில் ஏறியது. மாவட்ட ஆட்சியருக்கும் நீதிபதிக்கும் அமைச்சருக்கும் அதே வண்டி, அதே வெள்ளை நிறம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் செய்தது, மும்பையில் பிரீமியர் நிறுவனம் ஃபியட்டைச் செய்தது. ஓட்டுவதற்கு ஃபியட் இலகுவானது என்று பலர் சொல்வார்கள். இருந்தும் அதிகாரத்தின் வண்டி என்ற பெயர் அம்பாசிடருக்கே நிலைத்தது. பின் இருக்கை அகலம், பழுது பார்ப்பது எளிது, எந்தச் சிற்றூரிலும் மெக்கானிக் கிடைப்பார் என்பவை உண்மையான காரணங்கள். ஆனால் அந்தக் காருக்கு மதிப்பைக் கொடுத்தது, பின் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். 2003-இல் பிரதமர் வாஜ்பாயியின் பயணம் பாதுகாப்புக் கருதி பிஎம்டபிள்யூவுக்கு மாறியது. 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்கப்பட்டது. காலத்தால் பின்தங்கிய ஒரு குடும்பக் காரின் பெயருக்கு அத்தனை விலை கிடைத்ததென்றால், அது அரசுக் கொள்முதல் சேர்த்து வைத்த மதிப்பு.

அலுவலகத்தின் கை கார் வாங்குவதோடு நிற்கவில்லை, கடன் வழியாகவும் நீண்டது. அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலம் சைக்கிள் முன்பணம், ஸ்கூட்டர் முன்பணம், கார் முன்பணம் என்று சம்பளப் படிநிலைக்கேற்ப வாகனக் கடன் கிடைத்தது. எந்தச் சம்பளக்காரர் எந்த வண்டிக்குத் தகுதியானவர் என்று அரசு ஆணையே வரையறுத்தது. பொதுத்துறை வங்கி அலுவலர்களுக்கும் சலுகை வட்டியில் வண்டிக் கடன் உண்டு. 1983 டிசம்பர் 14-இல் முதல் மாருதி 800-இன் சாவி இந்திரா காந்தி கையால் கொடுக்கப்பட்டபோது அதன் விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். மூன்று சிலிண்டர், 796 சிசி. மலிவு வண்டிதான். ஆனால் அது அமைச்சருக்கான வண்டியாகவும் வரவில்லை, டாக்சி ஸ்டாண்டுக்கும் பெரிதாகப் போகவில்லை. ஆசிரியர், வங்கி அலுவலர், சிறுநகர மருத்துவர் ஆகியோர் தங்கள் பெயரில் கடன் எடுத்து வாங்கிய முதல் கார் அது. ஓட்டுநர் இல்லாமல் குடும்பத் தலைவரே ஓட்டினார். மலிவு விலையும் கௌரவமும் ஒன்றாகச் சேர்ந்து நின்ற அபூர்வமான காலம் அது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த வண்டியை "ஏழைகளின் கார்" என்று யாரும் அழைத்ததில்லை.

தாராளமயமாக்கலுக்குப் பின் தனியார் நிறுவனங்கள் மேலதிகாரிகளுக்குக் கார் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. சம்பளமாகக் கொடுத்தால் முழுவதற்கும் வரி. காராகக் கொடுத்தால், விதியில் எழுதிய ஒரு சிறு தொகையே வருமானமாகக் கணக்கிடப்படும். வருமான வரி விதி 3-இல் 2009-10 நிதியாண்டு முதல் இருந்த கணக்கு இது: அலுவலகத்துக்கும் சொந்தத்துக்கும் சேர்த்துப் பயன்படும் காருக்கு நிறுவனமே செலவு செய்தால், எஞ்சின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய், ஓட்டுநரும் உண்டென்றால் கூடுதலாக 900. காரின் விலை இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. 624 சிசி நானோவைப் பெற்றவருக்கும் 1,497 சிசி ஹோண்டா சிட்டியைப் பெற்றவருக்கும் ஒரே 1,800. விலையில் பல மடங்கு வித்தியாசம், வரியில் ஒரு ரூபாய் வித்தியாசமும் இல்லை. அப்படியிருக்க எந்த அதிகாரி சிறிய காரைக் கேட்பார்? சிறு கார்களை வளர்க்க 2006 நிதிநிலை அறிக்கை நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பயனற்றதாக்கியது. இது கொள்கைப் பிழை என்றே நான் கருதுகிறேன்.

பதவிக்கும் வண்டிக்கும் முடிச்சுப் போடுவது நாம் கண்டுபிடித்ததல்ல. 1960, 70களில் பிரிட்டனில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது நிறுவனங்கள் உயர்வுக்குப் பதிலாகக் கார் கொடுத்தன. ஃபோர்டு கார்டினாவின் பின்புறத்தில் ஒட்டிய எழுத்துகளைப் பார்த்தே, ஓட்டுபவர் விற்பனைப் பிரதிநிதியா மேலாளரா என்று சக ஊழியர்கள் கண்டுகொண்டார்கள். அதே பிரிட்டனில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோடா 1980களில் நகைச்சுவைத் துணுக்குகளுக்குப் பொருளாக இருந்தது. 1991-இல் ஃபோக்ஸ்வாகன் அதில் பங்கு வாங்கி, தரம் உயர்ந்த பிறகும் அந்தப் பெயரிலிருந்து கறை போக நெடுநாள் ஆனது. 2001-இல் ஸ்கோடா இந்தியாவுக்கு வந்தது. இங்கே அந்தத் துணுக்குகளை யாரும் கேட்டதில்லை. அவுரங்காபாத்தில் பாகங்கள் பொருத்தி உருவாக்கப்பட்ட ஆக்டேவியா, பொது மேலாளர்களுக்கான வண்டியாகவே அறிமுகமானது. ஒரு நாட்டில் கேலிக்கு உள்ளான பெயர், இன்னொரு நாட்டில் முதல் நாளே மேலதிகாரிகளின் வரிசையில் போய் நின்றது.

ருமேனியாவின் டாசியா கதை இன்னும் கூர்மையானது. ரெனோ 1999-இல் வாங்கிய அந்த நிறுவனம் 2004-இல் லோகனை வெளியிட்டது. குறிக்கோள் விலை 5,000 யூரோ. செலவைக் குறைக்க இடவலக் கண்ணாடிகளையே ஒன்றுபோலச் செய்தார்கள். பகட்டு இல்லாத, ஏமாற்று இல்லாத நேர்மையான வண்டி அது. 2007-இல் மஹிந்திராவோடு சேர்ந்து ரெனோ அதை நாசிக்கில் செய்யத் தொடங்கியது. நீளம் நான்கு மீட்டரைத் தாண்டியதால் 2006-இன் வரிச் சலுகை கிடைக்கவில்லை. மலிவாக இருக்கவேண்டிய வண்டி விலையில் மலிவாக இல்லை, தோற்றத்தில் மட்டும் மலிவாகத் தெரிந்தது. விசாலமான பின் இருக்கையையும் டீசல் சிக்கனத்தையும் கண்டுகொண்ட டிராவல்ஸ்காரர்கள் வாங்கினார்கள். மஞ்சள் பலகை ஏறியது, குடும்பங்கள் விலகின. 2010-இல் ரெனோ விலகிக்கொள்ள, அது வெரிட்டோ என்று பெயர் மாறியது. பின்னர் மின்சார வடிவில் அரசு அலுவலகங்களின் வாகனக் கொள்முதலில் இடம்பெற்றது. இப்போது மறுபக்கம்: டாசியாவின் டஸ்டர் 2012-இல் இந்தியாவுக்கு வந்தது, சென்னைக்கு அருகே நம் ஒரகடத்திலேயே செய்யப்பட்டது, டாசியா என்ற பெயரில்லாமல் ரெனோ முத்திரையோடு. ஐரோப்பாவில் சிக்கன வண்டி. இங்கே ஆண்டின் சிறந்த கார் விருது பெற்ற எஸ்யூவி. லோகனும் டஸ்டரும் ஒரே குடும்பத்துப் பிறப்பு. அவற்றைப் பிரித்தது தோற்றமும், முதலில் வாங்கியவர் யார் என்பதும்தான்.

லோகனுக்கு நேர்ந்ததே டாடா இண்டிகாவுக்கும் டொயோட்டா எட்டியோசுக்கும் நேர்ந்தது. டொயோட்டா என்ற பெயரின் நம்பகத்தன்மைகூட எட்டியோசை வாடகை வண்டி என்ற அடையாளத்திலிருந்து காப்பாற்றவில்லை. நிறுவனங்கள் ஊழியரை வீட்டிலிருந்து ஏற்றிவர ஒப்பந்த வண்டிகளை அமர்த்தின. இரவுப் பணி முடிந்து அதில் வீடு திரும்பும் இளைஞர், தம் காசில் வாங்கும்போது அதே வண்டியை வாங்க விரும்பவில்லை. மாருதி இந்தப் பாடத்தைச் சீக்கிரம் படித்தது. டிசையரை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு 'டூர்' என்ற தனிப்பெயரில் விற்றது, 2015-இல் விலை கூடிய கார்களுக்கு நெக்ஸா என்ற தனிக் கடைகளைத் திறந்தது. மலிவு என்ற பெயர் மேல்தட்டு வண்டியில் ஒட்டாமலிருக்கச் சுவரையே எழுப்பியது.

நானோவுக்கு எந்தப் பட்டியலும் கிடைக்கவில்லை. மழையில் ஸ்கூட்டரில் நனைந்து போகும் குடும்பத்துக்காக ரத்தன் டாடா நினைத்த வண்டி, 2008 ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாய் என்ற அறிவிப்போடு வந்தது. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் எழுந்த நிலப் போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சானந்துக்குப் போனது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் செய்யக்கூடிய ஆலையில், மிக நன்றாக விற்ற 2011-12-இலேயே விற்பனை 74,000-ஐச் சற்றே தாண்டியது. மிக மலிவான கார் என்று விளம்பரப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். அவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். மாருதிக்குக் கிடைத்த வங்கி அலுவலரும் ஆசிரியரும் நானோவுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் அதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள், அலுவலகக் கடன் வரம்பும் அவர்களோடு ஏறிவிட்டது. ஒரகடத்தில் பிறந்த டாட்சன் கோ 2014-இல் வந்து, அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. 2022-இல் டாட்சன் பெயரே இந்தியாவிலிருந்து போனது. இங்கே இழிவு மக்கள் மனத்தில் மட்டும் இல்லை, உலோகத்திலும் இருந்தது. இந்த ஒன்றில் மக்களைக் குறை சொல்ல முடியாது.

குமரியில் இதற்கு இன்னொரு வலி உண்டு. திருமணப் பேச்சில் நகையோடு வண்டியின் பெயரும் கேட்கப்படும் மாவட்டம் இது. மணமகனின் அலுவலகம் அவனுடைய பதவிக்கு என்ன வண்டி என்று வகுத்ததோ, அதற்குக் குறையாத வண்டியைப் பெண் வீட்டார் தரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. ஒரு வரி விதியும் ஒரு பதவிப் பட்டியலும் எங்கோ எழுதப்பட்டு, கடைசியில் ஒரு தகப்பனின் கடன் பத்திரமாக முடிகின்றன. இதைச் சமூக வழக்கம் என்று சொல்லி ஆய்வாளர்கள் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.

இதற்கிடையே விதிகள் மாறியிருக்கின்றன. 2019-இலிருந்து ஓட்டுநருக்கும், 2022 ஜனவரியிலிருந்து பக்கத்து இருக்கைக்கும் காற்றுப்பை எல்லாக் கார்களிலும் கட்டாயம். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. மலிவான வண்டி பாதுகாப்பற்றது என்ற பழைய காரணம் வலுவிழந்து வருகிறது. எனவே நெய்யூர், திங்கள்சந்தை, தக்கலை, நாகர்கோவில் வட்டாரத்தில் வண்டி வாங்கும் மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த கொள்முதல் தீர்மானத்தில் பதவிக்கு எதிரே கார்ப் பெயரை எழுதும் பத்தியை நீக்குங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை பேர் ஏறுவார்கள், மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். கல்லூரி முதல்வருக்கும் இரவுப் பணி செவிலியருக்கும் அந்த ஒரே அளவுகோல் பொருந்தட்டும்.