178 பேர் போட்ட ஓட்டு

பெருங்களத்தூரில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் பாண்டிச்சேரி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போய் வந்தவர்கள்தான். ஆனால் ஆகஸ்ட் 15-க்கு மறுநாளும் அங்கே ஏன் அரசு விடுமுறை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. (போன மாதம் வரை எனக்கும் தெரியாது!)

1947-ல் ஆங்கிலேயர் போன பிறகும் பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தன. அங்கு வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது 1946-ம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் விதி. அதனால் மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்துவது என்று 1948 ஜூனில் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன.

கல்கத்தா பக்கத்தில் இருக்கும் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19-ல் அது நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 ஓட்டு. எதிராக வெறும் 114.

மற்ற நான்கு இடங்களில் அப்படி ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. அடிதடி, மிரட்டலுக்கு நடுவே நியாயமான ஓட்டெடுப்பு சாத்தியமில்லை என்று 1952-ல் இந்தியா பின்வாங்கியது. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த குபேர் கட்சி மாறினார். மே மாதம் பிரான்ஸ் வியட்நாமில் தோற்றது. அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது.

1954 அக்டோபர் 18. கீழூர் என்ற சின்ன கிராமத்தில் சட்டசபை, நகரசபை உறுப்பினர்கள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஆனால் சாவி கொடுத்தாகிவிட்டதே தவிர பத்திரம் பதிவாகவில்லை! 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் முடிந்த பிறகுதான் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றது. சட்டப்படி இணைந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. விடுமுறைக்குக் காரணம் இதுதான்.

கம்பெனி சட்டத்தில் 'ப்ராக்ஸி' என்று படிக்கிறோம். நமக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போட நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்த 178 பேருக்கு இதற்கென்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. பொது ஓட்டெடுப்பு நடந்திருந்தாலும் இந்தியாதான் ஜெயித்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் கேட்டிருக்கலாம் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கை. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அப்போது வேண்டும் என்ற குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் பாண்டியில் இருந்தே பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். "நீ எந்த நாட்டுக்காரன்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். "உன் ஊர் எந்த நாட்டுக்கு?" என்று மட்டும் கேட்கவில்லை.

கீழூரில் நினைவு மண்டபம் இருக்கிறது. அடுத்த முறை பீச்சோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.