நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின்: ஒரே ஊசிதான், ஆனால் கவனம் தேவை! பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

ஹப்சிகுடா (ஹைதராபாத்): நாளொன்றுக்கு ஒரே ஊசி என்பதால், நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் எளிமையான சிகிச்சையாகத் தோன்றுகிறது. ஆனால், மருந்தின் செறிவும் சிரிஞ்சின் அளவுக்குறியும் பொருந்தாமல் போனால், அந்த ஒரே ஊசியில் இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் சென்றுவிடும். அவ்வாறு சென்ற மருந்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை; அது ஒரு நாள் முழுவதும் செயல்பட்டுக்கொண்டே இருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். இன்சுலின் கிளார்ஜின், 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதனைப் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய விவரங்களைக் காண்போம்.

எவ்வாறு செயல்படுகிறது?

உணவு உண்ணாத வேளையிலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதனைக் கட்டுக்குள் வைக்க ஆரோக்கியமான கணையம் நாள் முழுவதும் சிறிதளவு இன்சுலினைச் சுரக்கிறது. இந்த அடித்தளத் தேவையை ஈடுசெய்வதே நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினின் பணி.

1936-ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன், புரோட்டமைன் என்ற புரதத்தைச் சேர்த்து இன்சுலினின் செயல்நேரத்தை நீட்டித்தார். கிளார்ஜின் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அமிலத்தன்மை கொண்ட இக்கரைசல், தோலுக்கடியில் சென்றதும் நுண்படிவுகளாக மாறி, சிறிது சிறிதாகக் கரைந்து சுமார் 24 மணி நேரம் செயல்படுகிறது. டெக்லுடெக் வகையின் செயல்பாடு 42 மணி நேரத்தையும் கடக்கும்.

இந்த அமிலத்தன்மையின் காரணமாகவே, கிளார்ஜினை வேறு இன்சுலினுடன் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. தோலுக்கடியில் மட்டுமே செலுத்த வேண்டும். ரத்தநாளத்தில் ஒருபோதும் செலுத்தக் கூடாது.

40-ஆ, 100-ஆ? குப்பியைப் பாருங்கள்

இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கின்றன. அவற்றுக்கான சிரிஞ்சுகளும் தனித்தனியானவை. பொதுவாக 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறத்திலும், 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும்.

மருத்துவர் 10 யூனிட் பரிந்துரைத்துள்ளார் எனக் கொள்வோம். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற குறி வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 25 யூனிட். மாறாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் அதே குறி வரை எடுத்தால், 4 யூனிட் மட்டுமே செல்லும். முன்னதில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரியும். பின்னதில் கட்டுப்பாடின்றி உயரும்.

எனவே மருந்துக் கடையில் குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பேனாவில் உள்ள மருந்தைச் சிரிஞ்ச் கொண்டு உறிஞ்சி எடுக்கக் கூடாது. சில கிளார்ஜின் பேனாக்களில் செறிவு 300 யூனிட் என்பதால், ஆபத்து இன்னும் அதிகம்.

உணவுக்கு முன் செலுத்தும் விரைவு இன்சுலினும், கிளார்ஜினும் தெளிந்த நீர்போலவே இருக்கும். இரவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செலுத்திவிடாமலிருக்க, இரண்டையும் தனித்தனி இடங்களில் வைத்து, ஒவ்வொரு முறையும் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அளவை மாற்றுவது எப்போது?

இம்மருந்தின் அளவு பெரும்பாலும் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. டைப் 2 நீரிழிவில் பொதுவாக 10 யூனிட் அளவில் தொடங்கி, சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக மருத்துவர்கள் மாற்றியமைப்பர். உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையைக் குறைக்க இதன் அளவைக் கூட்டிக்கொண்டே போவது, நள்ளிரவில் சர்க்கரை சரிவதற்கே வழிவகுக்கும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் செலுத்துவது நல்லது. ஒரு வேளை தவறினால், மறுமுறை இரட்டிப்பாகச் செலுத்தக் கூடாது. டெக்லுடெக் எனில் இரு ஊசிகளுக்கிடையே குறைந்தது 8 மணி நேர இடைவெளி தேவை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கும் முதியோருக்கும் குறைந்த அளவே போதுமானதாக இருக்கலாம். ரமலான் உள்ளிட்ட நோன்புகளை மேற்கொள்வோர், முன்கூட்டியே மருத்துவரிடம் அளவைக் கேட்டுப் பெற வேண்டும்.

டைப் 1 நீரிழிவு உள்ளோர், காய்ச்சலால் உணவு உட்கொள்ள இயலாத நாளிலும் அடித்தள இன்சுலினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், உயிருக்கு ஆபத்தான கீட்டோஅமிலத்தன்மை ஏற்படலாம்.

சர்க்கரை சரிந்தால் என்ன செய்வது?

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். ரத்த சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழ் சென்றால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மருந்து உடலில் நீடிப்பதால், சர்க்கரை மறுபடியும் சரியக்கூடும். ஆகவே சீரான பிறகு சிற்றுணவு உண்டு, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கோடையில் பாதுகாப்பது எப்படி?

திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துவிட்ட மருந்து பயன்படாது. பயன்பாட்டில் உள்ள கிளார்ஜினை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் 28 நாள்களும், டெக்லுடெக்கை 56 நாள்களும் வைத்திருக்கலாம். திறந்த தேதியைக் குப்பியின் மீது எழுதிவைப்பது உதவும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில், மருந்தை நீர் புகாத உறையிலிட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். கலங்கியோ, துகள்களுடனோ காணப்படும் கிளார்ஜினைப் பயன்படுத்தக் கூடாது.

வெப்பத்தில் இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இழைகளாகத் திரிந்து செயலிழக்கின்றன. ஹப்சிகுடாவை அடுத்த தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கொல்கத்தா ஆய்வாளர்களுடன் இணைந்து, இத்திரிபைத் தடுக்கும் நான்கு அமினோ அமிலப் பெப்டைடை உருவாக்கி 2021-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை வெளியிட்டனர். 'இன்சுலாக்' எனப் பெயரிடப்பட்ட இது, ஆய்வகக் கண்டுபிடிப்பாகும். இன்சுலின் பயன்படுத்துவோர் இப்போதைய பாதுகாப்பு முறைகளையே பின்பற்ற வேண்டும்.

ஊசி போடும் இடம்

வயிறு, தொடை ஆகிய இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் கொழுப்புக் கட்டி உருவாகி, மருந்து சீராக உறிஞ்சப்படாது. கட்டியான இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது சர்க்கரை திடீரெனச் சரியக்கூடும் என்பதால், மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு மாறுவது பாதுகாப்பானது. ஒருவரின் பேனாவை, ஊசியை மாற்றினாலும்கூட, மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

(பொறுப்புத் துறப்பு: இச்செய்தி பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்தின் வகையையோ அளவையோ மாற்றும் முன் உங்கள் மருத்துவரை அணுகவும்.)