படம் இல்லாத நாய்

போன கோடையில் கர்க்லாண்டில் ஒரு கைவினைச் சந்தைக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். ஒரு மேசை முழுக்க மொசைக் படங்கள். உடைத்த கண்ணாடி, ஓடு, பழைய பீங்கான் தட்டு எல்லாவற்றையும் ஒட்டிச் செய்த நாய்களும் பூனைகளும். பள்ளிச் சுவர், பூங்கா போன்ற பொது இடங்களுக்கு மொசைக் செய்கிற ஒரு கலைஞரின் மேசை அது. நீங்கள் ஒரு புகைப்படம் அனுப்பினால் உங்கள் வீட்டுச் செல்லப்பிராணியையும் அப்படியே செய்து தருவார்.

அம்மா ஒரு பழுப்பு நாயின் முன்னால் நெடுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. காருக்குள் ஏறின பிறகுதான் கேட்டார்:

"படம் இல்லாத நாய்க்கு என்ன செய்வினம்?"

"எந்த நாய், அம்மா?"

"ஜிம்மி."

அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனங்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த கதையை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். நாவற்குழிப் பாலம், மழை, நகர முடியாத கூட்டம். எங்கள் வீட்டில் அந்தக் கதை பல தடவை சொல்லப்பட்டிருக்கிறது. அதில் நாய் ஒருநாளும் வந்ததில்லை.

அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் மொசைக்கின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

தரையா, படமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கள் அப்பா அம்மா "மொசைக்" என்றால் ஊரில் இருந்த வீட்டுத் தரையைச் சொல்வார்கள். சலவைக்கல் துகள்களைச் சீமெந்தோடு கலந்து ஊற்றி, காய்ந்த பிறகு தேய்த்து மினுக்கிய தரை அது. அதற்குச் சரியான பெயர் டெராஸோ. மொசைக் ஓவியத்தில் ஒவ்வொரு துண்டையும் ஒருவர் கையால் எடுத்து, நிறம் பார்த்து, இடம் பார்த்து வைக்கிறார். அதில் தற்செயலாக விழுந்த துண்டு என்று எதுவும் இல்லை.

இந்த வேலை மிகப் பழையது. இன்றைய ஈராக்கில் உள்ள உருக் நகரத்தில் 5000 ஆண்டுகளுக்கு முன்பே, சுட்ட களிமண்ணில் கூம்புகள் செய்து, அடிப்பக்கத்துக்கு நிறம் பூசி, கோயில் சுவர்களிலும் தூண்களிலும் குத்தி அலங்காரம் செய்தார்கள். கிரேக்கத்தின் வடக்கே பெல்லா நகரத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கூழாங்கற்களால் செய்த ஒரு தரை கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்கள் ஒரு மானை வேட்டையாடுகிறார்கள். கூடவே ஒரு நாயும் பாய்கிறது. மேலே, இதைச் செய்தது க்னோசிஸ் என்று கற்களாலேயே எழுதியிருக்கிறது. செய்தவரின் பெயர் உண்டு. நாயின் பெயர் இல்லை.

சிவப்புக் கழுத்துப்பட்டி

1993இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் புதிய நூலகம் கட்டுவதற்கு நிலத்தைத் தோண்டினார்கள். அங்கே கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மொசைக் கிடைத்தது. நடுவில் ஒரு நாய் குந்தியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பாத்திரம் கவிழ்ந்து கிடக்கிறது. நாய் தலையைச் சற்றுத் திருப்பி எங்களைப் பார்க்கிறது. "நான் தட்டேல்லை" என்று சொல்வது போன்ற முகம். நாய் வளர்க்கிறவர்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

சில மில்லிமீற்றர் அளவுத் துண்டுகளால் அந்த முகத்தைச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் உரோமமும் கண்ணின் ஈரமும் தெரிகின்றன. அதன் கழுத்தில் சிவப்புப் பட்டி ஒன்று இருக்கிறது. யாரோ வாங்கி, யாரோ கட்டிவிட்டது. பெயர் தெரியாவிட்டாலும் அது ஒரு வீட்டு நாய் என்பது அந்தப் பட்டியால் தெரிகிறது.

ஒரே ஊரில் இரண்டு நாய்கள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, இத்தாலியின் பொம்பேய் நகரம் சாம்பலுக்குள் புதைந்தது. அங்கே ஒரு வீட்டின் வாசல் தரையில், சங்கிலியில் கட்டிய கறுப்பு நாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே இலத்தீனில் "நாய் கவனம்" என்று எழுதியிருக்கிறது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த மொசைக் நாய் இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கு அதைத் தேநீர்க் கோப்பையிலும் கால்மிதியிலும் அச்சிட்டு விற்கிறார்கள்.

அதே ஊரில் இன்னொரு நாயும் இருக்கிறது. சாம்பல் இறுகிய பிறகு, உள்ளே இருந்த உடல்கள் அழிந்து வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் அகழாய்வாளர்கள் அந்த வெற்றிடங்களுக்குள் சாந்தை ஊற்றி, உடல்களின் வடிவத்தை எடுத்தார்கள். 1874இல் அப்படி எடுத்தபோது ஒரு வீட்டில் நாய் வந்தது. முதுகு வளைந்து, கால்கள் மேலே, கழுத்தில் பட்டி. கட்டிவைத்த நாய். வீட்டுக்காரர் ஓடும்போது அவிழ்த்துவிடவில்லை.

இதை வாசித்துவிட்டு ஒரு கிழமை அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மெல்லக் கேட்டேன்: "ஜிம்மியைக் கட்டிப்போட்டு வந்தனீங்களா?"

"இல்லை," என்றார். "அப்பப்பா அவிழ்த்துவிட்டவர். கொஞ்சத் தூரம் பின்னால வந்தது. பிறகு சனத்துக்குள்ள காணேல்லை."

கோவிவன்

எங்கள் ஆட்கள் நாய்க்கு உருவம் செய்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறார்கள், பெயரோடு.

தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. நடுகல் என்பது சண்டையில் இறந்தவருக்காக ஊர் நட்டுவைத்த கல். அதில் ஆளின் உருவத்தைச் செதுக்கி, எப்படி இறந்தார் என்பதையும் எழுதுவார்கள். எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம். எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கான கல் அது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்கென்று தனியாக எழுத்தும் உண்டு: கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது.

அந்தக் கள்ளர்களின் பெயர் கல்லில் இல்லை. அந்த ஊரில் அன்று வாழ்ந்த பெரும்பாலானவர்களின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் 1400 ஆண்டுகளுக்குப் பிறகு மொன்றியலில் இருக்கும் நீங்கள் ஒரு நாயின் பெயரைச் சொல்லலாம்.

கோவிவன் மட்டும் தனியாக இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம் என்ற ஊரில் சண்டைச் சேவல் ஒன்றுக்கும் நடுகல் உண்டு. எங்கள் முன்னோர்களுக்கு விலங்கை நினைவில் வைப்பது வெட்கப்படுகிற வேலையாக இருக்கவில்லை. அதை வீட்டுக்குள் மறைத்தும் வைக்கவில்லை. ஊரார் எல்லோரும் போகிற வருகிற வெளியில் நட்டார்கள்.

உடைந்த வளையல்கள்

வெளியில் வைப்பது என்று வந்தால், இந்தியாவில் உள்ள ஒரு பெரிய மொசைக் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. அதைச் செய்தவர் நேக் சந்த். 1924இல் பிறந்தவர். அவர் பிறந்த கிராமம் 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குள் போய்விட்டது. குடும்பம் அகதியாக இந்தியப் பக்கம் வந்தது. பிறகு சண்டிகரில் அரசாங்கத்தின் வீதி மேற்பார்வையாளராக வேலை செய்தார்.

அப்போது சண்டிகர் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பிரபல கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே போட்ட திட்டம். அந்த நவீன நகரத்துக்காக, அங்கே முன்பு இருந்த கிராமங்களை இடித்தார்கள். மிஞ்சியது குப்பை: உடைந்த ஓடு, பீங்கான், வளையல், மின்சாரச் சாமான்கள். நேக் சந்த் 1950களின் இறுதியில் அவற்றைச் சைக்கிளில் கொண்டுபோய், எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கியிருந்த காட்டு நிலத்தில் சேர்த்தார். பகலில் வேலை, இரவில் இது. உடைந்த துண்டுகளைச் சீமெந்தில் பதித்து மனிதர்கள், குரங்குகள், பறவைகள் என்று வரிசை வரிசையாகச் செய்தார். பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லவில்லை.

1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் பார்த்த மக்களுக்குப் பிடித்துவிட்டது. 1976இல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. பின்னொரு காலத்தில் வீதி போடுவதற்காகப் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்கப் பார்த்தபோது, ஊர்மக்களே குறுக்கே நின்று தடுத்தார்கள். 2015இல் நேக் சந்த் காலமானார். அந்தச் சிலைகளின் உடையில் இப்போதும் கண்ணாடி வளையல் துண்டுகள் மின்னுகின்றன.

எங்கள் மெற்றோவில்

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் நகரத்துக்குப் போகும்போது பீல் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். தரையிலும் சுவரிலும் பெரிய பெரிய வண்ண வட்டங்கள். ஜோன்-போல் மூசோ என்ற ஓவியர் வரைந்ததற்குக் குளோட் வெர்மெத் பீங்கான் ஓடு செய்தார்.

மொன்றியல் மெற்றோ 1966 ஒக்டோபர் 14ஆம் திகதி திறந்தது. அப்போது நிலையங்களின் கலைக்குப் பொறுப்பாக இருந்த ரொபேர் லாபால்ம், சுவர்களில் நகரத்தின் வரலாறு தெரிய வேண்டும் என்று விரும்பினார். மூசோ வேறு மாதிரி நினைத்தார். கதை சொல்லாத வட்டமும் நிறமும் போதும், அவை கட்டடத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். பிறகு அந்தப் பொறுப்பு மூசோவிடமே வந்தது. லாபால்மின் விருப்பம் எப்படி இருந்தது என்று பார்க்க, பாப்பினோ நிலையத்துக்குப் போகலாம். அங்கே 1837–38 கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் இருக்கிறார்கள்.

நான் மூசோவின் வட்டங்களை விரும்புகிறவள். என்றாலும் இந்த விடயத்தில் லாபால்ம் கேட்டதும் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பொதுச் சுவரில் யாருடைய கதை வரும்? எங்கள் கதை அங்கே இன்னும் வரவில்லை. யாராவது வந்து தருவார்கள் என்று நேக் சந்த் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

துண்டுகளைச் சேர்த்தல்

மார்கழி விடுமுறையில் அந்த மொசைக் கலைஞரிடம் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எளிமையாக இருந்தது: முதலில் கண், பிறகு உரோமம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பது. துண்டுகளை அந்தத் திசையிலேயே வரிசையாக வைத்தால் நாய் வந்துவிடும். புகைப்படம் இருந்தால் வேலை சுகம். இல்லாவிட்டால் அந்த நாயைத் தொட்டவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெளியில் வைக்கிறதென்றால் இன்னொரு கவனமும் வேண்டும். எங்கள் குளிரில் ஓட்டுக்குள் ஊறிய தண்ணீர் உறைந்து விரியும். ஓடு வெடித்துக் கழன்றுவிடும். அதனால் தண்ணீர் குடிக்காத கண்ணாடி, நன்றாகச் சுட்ட போர்சலின் ஓடு, குளிர் தாங்குகிற சீமெந்துப் பசை. வெள்ளைப் பசையில் ஒட்டினது ஒரு மாரிகூடத் தாங்காது.

இப்போது எங்கள் சமையலறை மேசையில் ஒரு பலகை இருக்கிறது. அம்மா பென்சிலால் வரைந்தார், அழித்தார், திரும்ப வரைந்தார். இடது காது கொஞ்சம் கிழிந்தது. முன்கால் ஒன்று மட்டும் வெள்ளை. வால் வளைந்து வலப்பக்கம் விழும். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிழிந்த காது எப்படிக் கிழிந்தது என்று ஒரு கதை, வெள்ளைக் காலை வைத்து மாமா அதைக் கேலி செய்த கதை. பதினைந்து நிமிடம் கதைத்தால் ஒரு துண்டு ஒட்டுவோம். முப்பது வருடங்களாக எங்கள் வீட்டில் சொல்லாத கதைகள் இவை.

வெள்ளைக் காலுக்கு அம்மாவின் உடைந்த தேநீர்க் கோப்பையை எடுத்தோம். இன்னும் வால் முடியவில்லை. ஆனால் கீழ்வரி முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியில், தமிழில், மூன்று எழுத்து: ஜிம்மி.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். ஊரில் என்ன நாய் இருந்தது, அதற்கு என்ன பெயர் என்று. பெயரை எழுதிவைத்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்.