உண்ணிச்செடி: தோட்ட வேலியிலிருந்து காட்டுக்குள்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் யானை உருவங்கள் கூட்டமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. நீலகிரி வட்டாரப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு செய்தவை அவை. அச்செடியும் ஒரு தாவரவியல் தோட்டத்தின் வழியாகவே இந்நாட்டுக்கு வந்தது.

லந்தானா கமரா அமெரிக்க வெப்பமண்டலத்துக்குரிய புதர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர்; அங்குக் கண்ணாடி வீடுகளில் நிறம் நிறமாகக் கலப்பு வகைகள் உருவாக்கப்பட்டன. 1753இல் லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டார். லந்தானா என்பது வேறோர் ஐரோப்பியப் புதருக்கு வழங்கிய பழம்பெயர். ஆகவே பெயரும் இரவலே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செடி கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தை அடைந்தது.

தோட்டக்காரர்கள் அதனை விரும்பியதற்குக் காரணங்கள் வெளிப்படை. கோடையிலும் பூக்கும், நீர் மிகுதியாக வேண்டாம், ஆடுமாடுகள் பெரும்பாலும் வாய்வைப்பதில்லை, வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேலிக்கு இதனினும் ஏற்ற செடி அரிது. பழங்களைத் தின்ற பறவைகள் விதைகளை வேலிக்கு அப்பால் கொண்டுசென்றன. தோட்டத்தில் போற்றப்பட்ட இயல்புகள் காட்டிலும் மாறவில்லை.

1899இல் குடகில் சந்தன மரங்களைத் தாக்கும் 'ஸ்பைக்' நோய் கண்டறியப்பட்டபோது, பழி உண்ணிச்செடியின்மீதும் விழுந்தது. சந்தனம் மைசூர் அரசின் தனியுரிமை. எனவே அந்நோய் அரசு வருவாயின் சிக்கலாகவும் இருந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலம் ஆய்வு நடந்தது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிரி 1969இல்தான் இனங்காணப்பட்டது. சந்தனத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் காட்டில் வாழ்ந்தோரின் சொல்லுக்குக் கிடைக்கவில்லை.

பிளிகிரிரங்கன மலையில் வாழும் சோலிகர், கோடையில் சருகுகளுக்குச் சிறு தீ வைப்பதைத் 'தரகு பெங்கி' என்பர். அத்தீ உண்ணிச்செடியின் இளங்கன்றுகளை அழித்தது, நெல்லி மரத்துப் புல்லுருவியையும் கட்டுப்படுத்தியது என்பது அவர்கள் கூற்று. 1974இல் அம்மலை காட்டுயிர்ச் சரணாலயமானபின் அவ்வழக்கம் தடைப்பட்டது. பெங்களூரு 'ஏட்ரீ' நிறுவனத்தின் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் மேற்கொண்ட ஆய்வின்படி, 1997க்கும் 2008க்கும் இடையில் அச்செடி காணப்பட்ட மாதிரி நிலங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. சோலிகர் கூற்றை அவ்வாய்வாளர்கள் பதிவுசெய்ததோடு நில்லாமல், ஆய்வுக்குரிய கருதுகோளாகவும் எடுத்துக்கொண்டனர். பிந்தியே எனினும் இது முக்கியமான திருப்பம். ஆயினும் பழைய தீயை அப்படியே திரும்பக் கொணர்தல் எளிதன்று. புதர் அடர்ந்துவிட்ட காட்டில் சிறு தீயும் மரக்கிளை வரை ஏறும்.

இன்று மலை மாதேஸ்வர மலையிலும் சோலிகர் அத்தண்டுகளை வேகவைத்து, தோலுரித்து, நாற்காலியும் கூடையும் செய்கின்றனர். பெங்களூரு நாற்றுப்பண்ணைகளிலோ அச்செடியின் குட்டை வகைகள், மஞ்சளும் ஊதாவுமாகத் தொட்டிகளில் பூத்து, விற்பனைக்கு நிற்கின்றன.