ஒரு நிலப்பரப்பு அரசாகும் வரலாறு



கரடியனாற்று விவசாயி ஒருவர் காணிப் பத்திரம் தொடர்பாக ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகத்திற்குச் செல்கின்றார். அப்பெயரிலுள்ள "பற்று" என்னும் பிரிவு ஆங்கிலேயர் வருகைக்கு முந்தியது. கண்டி மன்னர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனக் கொடிகள் மாறின, பற்று மாறவில்லை. எனினும், பிரிவுகள் இருப்பதனால் மாத்திரம் ஒரு நிலம் அரசாகிவிடாது. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கும் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் மொன்டிவீடியோ உடன்படிக்கை கூறுகின்றது. முதலிரண்டும் நமக்கு என்றும் இருந்தன. பின்னிரண்டுக்கே நெடுங்காலம் காத்திருந்தோம்.

1815இல் கண்டி வீழ்ந்து தீவு முழுவதும் ஒரே முடியின்கீழ் வந்தது. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி நாடு ஐந்து மாகாணங்களாக்கப்பட்டது. கிழக்கு மாகாணம் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டே சட்ட நிரூபண சபையும் அமைந்தது. அதில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அறுவர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். முஸ்லிம்களுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை! 56 ஆண்டுகள் கழிந்து, 1889இலேயே எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். அதுவும் தேசாதிபதியின் நியமனமேயன்றி மக்களின் தெரிவன்று.

1931இல் டொனமூர் யாப்பு 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கியது. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944இல்தான் கிடைத்தது என்பதை நம் தாய்மார் அறிந்திருத்தல் நன்று. அந்த முதலாவது அரசாங்க சபைக்கு மட்டக்களப்புத் தெற்கிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் அமைச்சராகவும் விளங்கினார்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் கிட்டியது. ஆயினும் முடி பிரித்தானிய மன்னருடையது. இறுதி மேன்முறையீடு இலண்டனில். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 வரை ஆங்கிலேயர் கையில். சோவியத் ஒன்றியத்தின் மறுப்பினால் ஐக்கிய நாடுகள் சபையில் இடம் பெறவும் 1955 வரை காத்திருக்க நேர்ந்தது. 1972 மே 22இல் குடியரசானபோதே முடியின் இழை அறுந்தது.

அத்துடன் வேறொன்றும் அறுந்தது. ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டம் இயற்றுவதைத் தடுத்திருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு புதிய யாப்பில் இடம்பெறவில்லை. அப்பிரிவு இருந்தபோதே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது என்பதும் உண்மை. கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபின் முஸ்லிம்களையும் யூதர்களையும் இணைத்து எழுதுவித்த சாசனத்தில், அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்பதுடன் கூட்டுப் பாதுகாப்பும் கடமையாக்கப்பட்டிருந்தது. எழுத்துக்குப் பின்னால் கடமை நிற்க வேண்டும் என்பது என் துணிபு.

1978 யாப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையைத் தந்தது. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. 1988இல் இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும், 2006இன் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் பிரிந்தன. 2008 மே மாதம் கிழக்கு தனக்கென 37 உறுப்பினர் கொண்ட சபையைப் பெற்றது. 2017 செப்டம்பரில் அச்சபையின் காலம் முடிந்தது. தேர்தல் நடைபெறாமையால் மாகாண நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் சென்றது. காணி, பொலிஸ் அதிகாரங்களோ, சபை இருந்த நாளிலும் முழுமையாக அதனிடம் கையளிக்கப்படவில்லை.