பண்முறை, தலமுறை, என் கேசட் பெட்டி

ஓதுவார்கள் பாடிய தேவாரக் கேசட்டுகள் என்னிடம் நிறைய உண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கியவை. கணினிக்கு மாற்றியபோது பாடியவர் பெயர்வாரியாகப் போட்டு வைத்தேன். சமீபத்தில் அவற்றையே பண்வாரியாக, தலவாரியாக என்று தனித்தனிப் பட்டியலாக்கிப் பார்த்தேன். 'ப்ளேலிஸ்ட்' என்கிறார்களே, அதுதான். நம்மவர்களுக்கு இது புதுச் சங்கதியே இல்லை.

தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளில் செல்லரித்தது போக மிஞ்சியதை எடுத்து நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்கிறது திருமுறை கண்ட புராணம். எடுப்பித்த சோழ மன்னன் ராஜராஜன் என்பார்கள். இன்று நமக்கிருக்கும் மூவர் தேவாரம் கிட்டத்தட்ட 800 பதிகங்கள். எழுத்து கிடைத்தது, பாடும் முறை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண்களை வகுத்ததாகவும் அதே புராணம் சொல்கிறது. முதல் திருமுறையைப் புரட்டுங்கள்: முதல் 22 பதிகமும் நட்டபாடை, அடுத்து தக்கராகம். மெட்டு ஒருமுறை போனால் போனதுதான் என்ற பயம் அந்த வரிசையிலேயே தெரிகிறது. (அப்பர் பாடல்களில் பெரும்பகுதி மட்டும் யாப்பை வைத்துப் பிரிந்திருக்கிறது.)

தலமுறை அடுக்கு வேறு மாதிரி. தில்லையில் தொடங்கி, காவிரி வடகரை, தென்கரை என்று ஊர் ஊராகப் போகும். க்ஷேத்திர யாத்திரை போகிறவர்களுக்கு ரொம்ப சௌகரியம். வடநாட்டுத் தலங்களில் கேதாரத்துக்குச் சம்பந்தர் பதிகம் ஒன்று, சுந்தரர் பதிகம் ஒன்று. பண்முறையில் முன்னது இரண்டாம் திருமுறையில் செவ்வழி; பின்னது ஏழாம் திருமுறையில் நட்டபாடை. எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. தலமுறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். என் பெட்டியிலும் இரண்டு கேசட்டில், இரண்டு ஓதுவார் குரலில், இத்தனை வருஷம் தனித்தனியாகத்தான் கிடந்தன. அடுத்தடுத்துக் கேட்டபோதுதான், ஒரே மலையை இருவரும் எவ்வளவு வேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு, பொருள்வாரியாகப் பொறுக்குவது. முழுத் தேவாரத்தையும் தினம் ஓத ஆசைப்பட்ட சிவாலய முனிவருக்காக அகத்தியர் 25 பதிகங்களைத் தேர்ந்து கொடுத்தார் என்பது அகத்தியர் தேவாரத் திரட்டின் கதை. குருவருள், அஞ்செழுத்து, திருவடி என்று எட்டுத் தலைப்புகள். 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவமும் தம் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுக்கு ஏற்பப் பாடல்களைத் திரட்டினார். அவசரக்காரனுக்குத் திரட்டு நல்ல உபகாரம். ஆனால் 25 நாவில் ஏறினால் மீதி எழுநூற்றுச் சொச்சம் என்ன ஆவது? அதனால் நான் பண்முறைக் கட்சி. தலமுறையில் தேடினால் கேதாரம் கிடைத்துவிடும், செவ்வழியில் எனக்கு என்னென்ன குறைகிறது என்பது தெரியாது.

அந்தப் பட்டியலில் இப்போது இரண்டே பதிகம் இருக்கிறது. ஒன்றில் பூஞ்சணம் பிடித்து, பாதிக்கு மேல் இரைச்சல். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மீதிச் செவ்வழிப் பதிகங்களை எந்த ஓதுவாரிடம் பதிவு செய்யலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.