தோற்றவருக்கு அடுத்த முறை: இலங்கையின் 1982 பொது வாக்கெடுப்பும் இரண்டு ஒப்பீடுகளும்

1982 மே 19 அன்று சென்னை தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் ஈழத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஒரு பக்கம் வேலுப்பிள்ளை பிரபாகரன், எதிர்ப்பக்கம் உமா மகேஸ்வரன். இருவரும் முன்பு ஒரே இயக்கத்தில் இருந்து பின்னர் பிரிந்தவர்கள். பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமா மகேஸ்வரன் சில நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் சிக்கினார். புடவைக்கும் பாத்திரத்துக்கும் பேர்போன கடைத்தெருவில் நடந்த இந்தச் சம்பவம்தான் சென்னைவாசிகள் பலருக்கு ஈழச் சிக்கலின் முதல் நேரடி அறிமுகம். அதே ஆண்டு டிசம்பர் 22இல் இலங்கை முழுதும் நடந்த பொது வாக்கெடுப்பு இங்கே அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஈழ வரலாறு எழுதியவர்களும் அதை 1983 கலவரத்துக்கு முந்தைய ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். பாண்டி பஜாரில் துப்பாக்கி வெடித்தபோதே வாக்குச் சீட்டின் காலம் முடிந்துவிட்டது என்பது அவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் கணிப்பு. அந்தக் கணிப்பு தவறு என்பதும், பிளவுபட்ட நாடு வாக்கெடுப்புக்குப் பின் இணங்கிவாழ முடியுமா என்ற கேள்விக்கு அந்த டிசம்பர் நாளில் தெளிவான விடை இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கேட்கப்பட்ட கேள்வி தமிழரைப் பற்றியதே அல்ல. 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது; ஆறில் ஐந்து பங்கு. அந்தப் பலத்தில்தான் 1978 அரசியலமைப்பு வந்தது. அதே அரசியலமைப்பு அடுத்த பொதுத் தேர்தலுக்கு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 அக்டோபர் 20இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஜெயவர்தனவுக்குக் கிடைத்தது 52.91 விழுக்காடு. அதே ஆதரவோடு விகிதாசாரத் தேர்தலுக்குப் போனால் பெரும்பான்மை கிட்டலாம். அரசியலமைப்பை நினைத்தபடி திருத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாது. எனவே தேர்தலையே தவிர்த்து, இருக்கிற நாடாளுமன்றத்தின் ஆயுளை 1989 ஆகஸ்ட் வரை நீட்டலாமா என்று மக்களிடம் கேட்டார். 'ஆம்' என்பதற்கு விளக்கு, 'இல்லை' என்பதற்குக் குடம். விளக்குக்கு 31,41,223 வாக்குகள், குடத்துக்கு 26,05,983. விழுக்காட்டில் 54.66க்கு 45.34.

இதில் சட்டமீறல் இல்லை என்பார்கள் ஜெயவர்தனவின் ஆதரவாளர்கள். அது சரிதான். ஆயுளை நீட்ட மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரவும் மக்கள் ஒப்புதலும் போதும் என்று அரசியலமைப்பு சொன்னது. உச்ச நீதிமன்றமும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வழிவிட்டது. இலங்கை சுதந்திரக் கட்சித் தலைவர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980லேயே பறிக்கப்பட்டிருந்தன. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத விலகல் கடிதங்கள் வாங்கிவைக்கப்பட்டன. வாக்களிப்பில் மிரட்டலும் கள்ள வாக்கும் நடந்தன. இவையெல்லாம் முக்கியமே. ஆனால் இந்த முறைகேடுகள் ஒன்றுகூட இல்லாமல், தூய நீரில் கழுவி எடுத்தது போல வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் அதன் பழுது போயிருக்காது. வழக்கமாக ஒரு வாக்கெடுப்பு ஏதோ ஒரு பொருளைத் தீர்மானிக்கும்; தோற்றவர் அடுத்த தேர்தலுக்குக் காத்திருப்பார். இங்கே தீர்மானிக்கப்பட்ட பொருளே அடுத்த தேர்தல் இல்லை என்பதுதான். காத்திருக்க நாளே இல்லாமல் போனது.

இனி பாண்டி பஜார் வாதத்துக்கு வருவோம். ஆயுதப் பாதை அப்போதே தொடங்கிவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. 1975இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டார். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. ஆனால் இயக்க இளைஞர்கள் அப்போது ஒரு சிலரே. யாழ்ப்பாண மக்கள் 1982இல் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும். அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. யாழ் மாவட்டத்தில் பாதிப்பேர் கூட வாக்களிக்கவில்லை. டிசம்பரில், இரண்டே மாதத்தில், அதைவிடக் கணிசமானவர்கள் சாவடிக்கு வந்தார்கள். வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடத்துக்கு வாக்களித்தார்கள். தங்கள் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கேள்விக்கு, தேர்தல் வேண்டும் என்று அவர்கள் சொன்ன பதில் அது. வாக்குச் சீட்டைக் கைவிட்டவர்கள் செய்கிற காரியமா இது? பாண்டி பஜாரில் சுட்டுக்கொண்டவர்களைக் காட்டிலும் அந்த வரிசைகளில் நின்றவர்கள் பல்லாயிரம் மடங்கு. வரலாற்றாசிரியர்களுக்கு ஏனோ துப்பாக்கிச் சத்தம்தான் சுலபமாகக் கேட்கிறது.

அவர்களுக்கு என்ன கிடைத்தது? 1983 ஜூலைக் கலவரம். அதைத் தொடர்ந்து ஆகஸ்டில் ஆறாவது திருத்தம்: பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. 1977இல் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்து வென்றிருந்த கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து, இடங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அ. அமிர்தலிங்கம் சென்னையில் தஞ்சமடைந்தார். நீட்டப்பட்ட நாடாளுமன்றம் குடத்துக்கு வாக்களித்த வடக்கின் பிரதிநிதிகள் இல்லாமலே ஐந்து ஆண்டு நடந்தது. இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுன 1983 ஜூலையில் தடைசெய்யப்பட்டது. ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளரை நிறுத்திய கட்சி அது. தலைமறைவாகி 1987 முதல் ஆயுதமேந்தியது. சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இரண்டு மொழி, இரண்டு கோரிக்கை. அடைக்கப்பட்ட கதவு ஒன்றே.

எதிர்மாறான அனுபவம் கோவாவில் கிடைக்கிறது. அங்கே 1967 ஜனவரி 16இல் கேட்கப்பட்ட கேள்வி இலங்கையில் கேட்டதைவிடக் கூர்மையானது: கோவா மகாராஷ்டிரத்தோடு இணைவதா, தனி யூனியன் பிரதேசமாக நீடிப்பதா? மொழி, மதம், சாதி எல்லாம் கலந்து பிளந்த கேள்வி. இணைப்பைக் கோரியவர் முதலமைச்சர் தயானந்த் பந்தோட்கர். எதிர்த்து நின்றவர் ஜாக் டி செக்வேரா. வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்கவேண்டும் என்பதற்காக அமைச்சரவை முன்கூட்டியே பதவி விலகியது. தனிப் பிரதேசத்துக்கு 1,72,191 வாக்குகள், இணைப்புக்கு 1,38,170. பந்தோட்கர் தோற்றார். ஆனால் அடுத்த மார்ச்சிலேயே சட்டமன்றத் தேர்தல் வந்தது. 30 இடங்களில் 16ஐ அவர் கட்சியே வென்றது, அவரே மீண்டும் முதலமைச்சர். தன் நிலைப்பாட்டை நிராகரித்த ஊரை அவர் 1973இல் இறக்கும்வரை ஆண்டார். சண்டை முழுதும் ஓய்ந்துவிடவில்லை. 1986இல் ஆட்சிமொழிக் கிளர்ச்சியில் உயிர்கள் போயின. 1987இல்தான் கொங்கணி ஆட்சிமொழியானது, கோவா மாநிலமானது. இருந்தும் எந்தக் கட்டத்திலும் தோற்ற பக்கத்துக்கு அடுத்த முறை என்று ஒன்று இருந்தது. கனடாவின் கியூபெக்கிலும் இதே கதைதான்: 1995இல் பிரிவினை 50.58க்கு 49.42 என்று நூலிழையில் தோற்றது. தோற்ற கட்சி 2003 வரை அந்த மாகாணத்தை ஆண்டது.

வாக்கெடுப்பே இல்லாமல் தீர்ந்த பிளவும் உண்டு. அதற்குத் தியாகராய நகரை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராய செட்டியாரும் அங்குள்ள பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசரும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1952 டிசம்பரில் தனி ஆந்திர மாநிலம் கோரிய பொட்டி ஸ்ரீராமுலு இராயப்பேட்டை நெடுஞ்சாலை வீடொன்றில் 58 நாள் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டபோது, சென்னை யாருக்கு என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. சென்னை தமிழருக்கே என்ற ம.பொ.சி. ஒரு பக்கம், அதை ஆந்திரத்துக்குக் கேட்ட டி. பிரகாசம் மறுபக்கம். சென்னை மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. 1953 மார்ச்சில் ஆந்திரத் தலைநகர் ஆந்திரத்துக்குள்ளேயே அமையும் என்று நேரு அறிவித்ததோடு முடிவானது. சென்னையைக் கேட்டுத் தோற்றவர்களுக்குத் தனி மாநிலம் கிடைத்தது. அதன் முதல் முதலமைச்சர், 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலில், அதே பிரகாசம்தான். சென்னையிலேயே தங்கிவிட்ட தெலுங்கர்களின் வாக்கும் வீடும் பறிபோகவில்லை. தியாகராயர் பெயரும் போகவில்லை. எல்லைத் தகராறு திருத்தணி வரை இழுத்து, 1960இல்தான் பரிமாற்றத்தோடு ஓய்ந்தது. கோபம் இருந்தது; அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சட்டமன்றமும் இருந்தது.

பிரகாசம், பந்தோட்கர், அமிர்தலிங்கம். மூவரும் தங்கள் பெருங்கேள்வியில் தோற்றவர்கள். முதல் இருவர் முதலமைச்சர்கள் ஆனார்கள். மூன்றாமவர் தன் இடத்தையும் இழந்தார். 1989 ஜூலை 13இல் கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றதும் தமிழர் கைத்துப்பாக்கிதான் என்பது இந்தக் கணக்கின் மிகக் கசப்பான வரி. கோவாவுக்கும் சென்னைக்கும் மேலே டில்லி இருந்தது, இலங்கைக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். ஆனால் டில்லி செய்த காரியம் தோற்றவரை ஆட்டத்தில் வைத்திருந்ததே. அதைக் கொழும்பு தானே செய்திருக்க முடியும். 1983 ஆகஸ்டில் பொதுத் தேர்தல் நடத்தியிருந்தால் போதும்.

இதன்பிறகு இலங்கைத் தமிழரிடையே நடந்த வாக்கெடுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2009இல் நோர்வேயிலும் கனடாவிலும், 2010இல் பிரிட்டனிலும் புலம்பெயர்ந்தோர் தனியீழத்துக்கு நடத்திய வாக்கெடுப்புகளில் ஏறத்தாழ எல்லோரும் 'ஆம்' என்றார்கள். எதிர்த்தரப்பு கலந்துகொள்ளாத வாக்கெடுப்பில் இணக்கம் பற்றிய கேள்வியே எழாது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் கிழக்கு மாகாணத்தில் 1988 டிசம்பர் 31க்குள் நடத்துவதாகச் சொன்ன வாக்கெடுப்பு வேறு ரகம். வடக்கோடு இணைந்திருக்கலாமா என்பதைக் கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் தீர்மானித்திருக்கவேண்டும். ஆண்டுதோறும் தள்ளிவைத்தே அதைக் கழித்தார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் இணைப்பைச் செல்லாது என்றது, 2007 ஜனவரியில் மாகாணங்கள் பிரிந்தன. கேட்கப்படாததால் தோற்றவர் யார் என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தனித் தேர்தல் நடந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐ வென்றது. முப்பது ஆண்டுக்கு முன் குடத்துக்கு வாக்களித்த யாழ் மாவட்டம் மீண்டும் சாவடிக்கு வரிசையில் வந்தது. அந்தச் சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை.